இருபத்துமூன்று இறால் தலைகள்

குப்பைக்கூடையின் அடியில், காகிதத்தில் சுற்றி ஒளித்திருந்த இறால் ஓடுகளை மனைவி மேசைமேல் கொட்டினாள்.

"இது என்ன?"

கணவன் திருதிருவென விழித்தான். "தெரியலையே."

"தானா நடந்து வந்துச்சா? கிட்னி டாக்டர் குடுத்த சீட்டு ஃப்ரிட்ஜ்லயே ஒட்டியிருக்கு. கண்ணுல படலையா?"

"படுது."

"போன வாரம் சட்டையில வாசனை அடிச்சப்போ, பஸ்ல யாரோ மீன் கூடை கொண்டு வந்தாங்கன்னு கதை விட்டீங்க. இனி இறாலையே தொட மாட்டேன்னு டாக்டர் முன்னாடி சத்தியம் பண்ணது யாரு?"

"நான்தான்."

அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். ஒரு சின்னத் தட்டோடு திரும்பி வந்து அவள் முன்னால் வைத்தான். அதில் நாலே நாலு இறால்.

"உன் பிளட் ரிப்போர்ட்டை டயட்டீஷியன்கிட்ட காட்டினேன். மாசம் ஒரு தடவை நாலு சாப்பிடலாம்னாங்க. புதுசா வாங்கி, நல்லா வேகவச்சு, உப்பே போடாம. அது வாய்க்கு விளங்குற மாதிரி வர எனக்கு மூணு வாரம் ஆச்சு."

அவள் கிட்னிக்கு ஆகாதது தனக்கும் வேண்டாமென்று இரண்டு வருடம் வாயைக் கட்டியவன் அவன். ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள். கண் கலங்கியது.

பிறகு மெதுவாக ஓடுகளைக் கிளறினாள்.

"தலை இருபத்திமூணு இருக்கு. தட்டுல நாலுதான் வந்துச்சு."

"ருசி பார்த்தேன்."

"பத்தொம்பது தடவையா?"