அத்தனை கையும் உயர்ந்தது

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும்படி புதுப்பித்த பள்ளிக்கூடத்தைப் பார்வையிட அதிகாரி வந்திருந்தார். திட்டமே அவருடையதுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தைக் கவனிப்பதில்லை என்று ஒரு புகார். டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடும் முடிவோடு வகுப்புக்குள் நுழைந்தார்.

"பூமிக்கு எத்தனை நிலா?"

அத்தனை கைகளும் உயர்ந்து ஆடின.

அடுத்து, தனக்கே விடை தெரியாத ஒரு கணக்கைக் கேட்டார். அப்போதும் ஒரு கைகூட இறங்கவில்லை.

அதிகாரி பூரித்துப்போனார். "இப்படி ஒரு ஆர்வத்தை நான் எங்கேயும் பார்த்ததில்ல! உங்களைப் போய் மாத்துவாங்களா?"

டீச்சருக்குப் போன உயிர் திரும்பியது. ஆனாலும், "அது வந்து சார்..." என்று இழுத்தார்.

"தன்னடக்கம் வேற! பிள்ளைங்களா, கையைக் கீழே போட்டுட்டு ஆடாம அசையாம உட்காருங்க பார்ப்போம்."

"ஐயோ, வேண்டாம் சார்!"

பிள்ளைகள் சொன்னபடி உட்கார்ந்தார்கள். அதிகாரியும் அவர்களைப் பெருமையாகப் பார்த்தபடி நின்றார். சற்று நேரத்தில் வகுப்பு கும்மிருட்டானது.

"என்னம்மா இது?"

"ஆள் அசையலேன்னா தானா அணைஞ்சிடற லைட்டு சார், நீங்க போடச் சொன்னது. வெயில் சூடு வரக்கூடாதுன்னு ஜன்னலையும் அடைச்சிட்டாங்க. கையை ஆட்டிக்கிட்டேதான் படிக்கிறாங்க."

பிறகு பளிச்சென்று வெளிச்சம் வந்தது.

அதிகாரி இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"மத்த ஸ்கூல்லயும் இதே லைட்டுதான் போடப்போறோம் டீச்சர். எப்படி ஆட்டணும்னு நீங்கதான் அங்க வந்து கத்துக்கொடுக்கணும்."