கலையரங்குக்குக் கறுப்புக்கொடி

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை! சாயந்திரம் ஆறு மணி! நம்ம நகரசபை கலையரங்கத்துல நடக்கப்போற மாட்டுத் தரகர் நாடகத்தை ஒருத்தரும் பார்க்கப் போகாதீங்க!”

மைக் கட்டின ஆட்டோ கலையரங்க வாசலிலேயே நின்று கத்திவிட்டு, வேலந்தாவளம் மாட்டுச் சந்தைப் பக்கம் திரும்பியது.

மேனேஜர் சிவசங்கரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாடகத்துக்கு ஆள் பிடிப்பதே நாய் படாத பாடு. இதில் இந்தக் கவுன்சிலர் ஈஸ்வரன் வேறு!

கலையரங்கம் நகரசபைச் சொத்து. திறந்த அன்றைக்கே சேர்மன் ஜிஜி கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு வருஷம் பார்ப்பாராம். நாற்காலி நிறைந்தால் நாடகம். நிறையாவிட்டால் கோயமுத்தூர் ஜவுளிக்காரருக்கு வாடகை, வருஷம் பூராவும் தள்ளுபடிச் சேலை. சிவசங்கரிக்கும் அத்தோடு சீட்டுக் கிழியும்.

இத்தனைக்கும் ஜிஜியைப் போலக் கலையைப் புகழ ஊரில் ஆள் கிடையாது. ஒவ்வொரு நாடகத்துக்கும் குத்துவிளக்கு ஏற்றுவார். “கலையாக்கும் நம்ம ஜீவன்!” என்று மலையாளம் கலந்து முழங்குவார். கைதட்டல் அடங்குவதற்குள் கார் ஏறிவிடுவார். நோட்டீஸ் அடிக்கக் கேட்டால் மட்டும், “ஃபண்டு இல்லல்லோ சிவசங்கரி” என்று கையை விரிப்பார்.

மறுநாள் வாசலில் ஈஸ்வரன், கறுப்புக்கொடியோடு. கூட நாலு பேர்.

“தரகர்களைக் கேவலப்படுத்தாதே!”

சந்தையிலிருந்து தரகர்கள் திரண்டு வந்துவிட்டார்கள். அப்படி என்னதான் கேவலப்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? டிக்கெட் எடுத்து உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

எல்லாம் தன் ராசி என்று நினைத்துக்கொண்டாள் சிவசங்கரி.

மழைக்காலத்தில் குழந்தைகள் நாடகம். “புள்ளைங்களைக் கெடுக்கறாங்க!” என்றார் ஈஸ்வரன். கெடுக்கிறார்களா என்று பார்க்க, அம்மாக்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஓணம் கழிந்து, வசனமே இல்லாத ஊமை நாடகம். “வாயைத் தொறக்காம எதை மறைக்கறீங்க? வெளியே சொல்லுங்க!” என்றார். அன்றைக்கு நிற்க இடமில்லை.

கூட்டம் வந்தும் சிவசங்கரிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இந்த மனுஷன் இல்லாவிட்டால் இன்னும் வருமே! நேராக ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுத்துவிட்டாள். அவர்களும் ஈஸ்வரனைக் கூப்பிட்டு, இனி கலையரங்கப் பக்கம் கொடி பிடிக்கக் கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

அடுத்த நாடகத்துக்கு ஆட்டோ வரவில்லை. கொடி இல்லை, கோஷம் இல்லை. வாசல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

உள்ளேயும் அப்படித்தான். நடிகர்களின் சொந்தக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள். மற்றதெல்லாம் வெறும் நாற்காலி.

ஜிஜி விளக்கேற்றினார். புகழ்ந்தார். போகிற போக்கில் காதோடு சொன்னார். “அடுத்த ஞாயிறு இந்த வருஷத்துக் கடைசி நாடகம் அல்லே? அதுக்கும் இதே ஸ்திதின்னா, ஜவுளிக்காரருக்கு நான் வாக்குக் கொடுத்திருவேன்.”

சிவசங்கரிக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டம் இதுவரை நாடகத்துக்கா வந்தது? ஈஸ்வரன் மூட்டிய சண்டைக்கல்லவா வந்திருக்கிறது!

மறுநாள் காலையில் ஈஸ்வரன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் மனைவி மருதாத்தாள்தான் கதவைத் திறந்தாள்.

“புகார் குடுத்த அம்மிணி நீங்கதானுங்களா? உள்ள வாங்க, காப்பித்தண்ணி வெக்கறேன்.”

சிவசங்கரி காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டாள். ஈஸ்வரன் வந்து எதிரே உட்கார்ந்தார்.

“ஏனுங்க, புகாரை வாபஸ் வாங்கிட்டேனுங்க. ஞாயித்துக்கிழமை நீங்க கொஞ்சம் வந்து...” டம்ளரைக் கீழே வைத்தாள். “எதிர்க்கோணுமுங்க.”

அவர் சிரிக்கவில்லை.

“என்ன நாடகமுங்க?”

“மாமியா, மருமக கதைங்க.”

“யாரு பக்கம் நின்னு எதிர்க்கறது? மாமியா பக்கமா, மருமக பக்கமா?”

“ரெண்டு பக்கமும் நின்னா நல்லாயிருக்குமுங்க.”

ஈஸ்வரன் யோசித்தார். “செரி, நீங்களே ஊடு தேடி வந்து கேட்டுட்டீங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார்கள் ஒரு பக்கம், மருமகள்கள் ஒரு பக்கம் என்று கலையரங்கம் பிதுங்கியது. விளக்கேற்ற வந்த ஜிஜிக்கு மேடைக்குப் போக வழி கிடைக்கவில்லை. ஜவுளிக்காரர் பேச்சை அதற்கப்புறம் நகரசபையில் யாரும் எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. விளக்கை அணைக்க வந்த சிவசங்கரி திடுக்கிட்டு நின்றாள். கடைசி வரிசை மூலையில், தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஈஸ்வரன்!

“ஐயோ, நீங்களா? எப்ப உள்ள வந்தீங்க?”

“எப்பவும் போலத்தானுங்க. வெளியே கோஷம் முடிஞ்சதும் ஒரு டிக்கெட் எடுத்துட்டு வந்து உக்காந்துக்குவேன்.” காலி மேடையைப் பார்த்தபடியே சொன்னார். “மாமியாளா நடிச்ச புள்ளை அழ வெச்சுருச்சுங்க. ஊமை நாடகத்துலயும் நடிச்சது அதுதானுங்களே?”

சிவசங்கரி அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இத்தனை புடிச்சிருந்தா, வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை பாராட்டியிருக்கலாமல்லங்க?”

ஈஸ்வரன் கறுப்புக்கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

“பாராட்டறதுக்குத்தான் சேர்மன் இருக்கறாரே அம்மிணி. ஆளு வரோணுமல்ல?”