மூன்று அடுக்குப் பட்டி

"சாவியைக் கேக்காதே. நீ எடுத்தா இடிச்சிட்டுத்தான் வருவே!" என்று மனைவியிடம் வாய் கிழியப் பேசியவர், காரைத் தானே கேட்டில் இடித்துவிட்டார்.

தெருமுனைப் பட்டறை மச்சினனுடையது. அங்கே போனால் மானம் கப்பலேறிவிடும். நசுங்கிய கதவைச் சுவரோரமாக மறைத்து நிறுத்திவிட்டு, தானே சரிசெய்யக் கல்லூரி நடத்தும் கார் டிங்கரிங் வகுப்பில் சேர்ந்தார்.

செய்முறை நாளில் அந்தக் காரையே கொண்டுபோய்க் கதவைத் தேய்த்தார். பெயிண்டுக்கு அடியில், நசுங்கலை நிரப்பிய பழைய பட்டிப் பூச்சு!

"சார், நான் புதுசா வாங்கின வண்டி! இதுல எப்படி ஒட்டு வேலை?"

வாத்தியார் தடவிப் பார்த்துப் பூரித்தார். "போன பேட்ச்ல படிச்ச ஒரு அம்மா பூசினது. முதல் மார்க்! மூணு தடவை இதே கதவை இடிச்சு, இங்கேயே சரிபண்ணிட்டாங்க."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "வீட்டுக்காரர் கண்டுபிடிக்கலையா?"

"எங்க? அந்தாளுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யுதாம்."