பச்சைச் சட்டைக்காரன்

"தலையைக் குனிஞ்சே நட. வெரசா நடக்காத. அந்தம்மா பார்க்கும்போது பல்லைக் காட்டாத."

மகள் சந்திரவல்லியின் காதில் ஓதிக்கொண்டே போடி பூங்காவுக்குள் நுழைந்தாள் அன்னக்கொடி.

சிலமலையில் இவர்கள் வீட்டுக்கு மூன்று தடவை பெண் பார்க்க வந்துவிட்டார்கள். சந்திரவல்லியை நடக்கச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், பேப்பர் படிக்கச் சொன்னார்கள். போனவர்கள் போனவர்கள்தான். நாலாவதும் தட்டிப்போனால் ஊர் வாயை மூட முடியாது. அதனால்தான் இந்தத் தடவை யாருக்கும் தெரியாமல் பூங்காவில். ராசிங்காபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா சுருளியம்மாள் மட்டும் வருவதாகப் பேச்சு. மாப்பிள்ளை மலையில் ஜீப்பு ஓட்டுகிறார், அப்புறமாக வருவாராம்.

சுருளியம்மாள் வந்துவிட்டாள். ஆனால் பெண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இந்த ரோசாவுக்கு என்னதான் உரம் போடுறாகளோ!"

"மதினி, எம்மக..."

"அந்தா வாசகசாலை! வாங்க, எட்டிப் பார்ப்போம்."

அன்னக்கொடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. போதாததற்கு ஒரு பச்சைச் சட்டைக்காரன் வேறு. பூங்காவில் இவர்கள் உட்கார்ந்த பெஞ்சுக்கு முன்னால் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தான். வாசகசாலைக்குப் போனால் அங்கேயும் வந்து, மலையில் மழை பெய்த செய்தியைச் சத்தம் போட்டுப் படித்தான். அரண்மனை பார்க்கப் போனால் வாசலில் நின்று பாட ஆரம்பித்துவிட்டான். சுதியுமில்லை, ஒன்றுமில்லை.

சந்திரவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் கையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு அவன்மேல் பாய்ந்தாள் அன்னக்கொடி.

"ஏன்டா, அக்கா தங்கச்சியோட பொறக்கலையா நீ? வயசுப் பிள்ளை முன்னால என்ன கூத்து?"

அவன் பேந்தப் பேந்த முழித்தான். சுருளியம்மாள் என்னவோ அரண்மனைத் தூணை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயிலில் அன்னக்கொடி கண்ணை மூடிக் கும்பிட்டாள். 'முருகா, பிடிக்கலைன்னா அந்தம்மா வாயைத் திறந்து சொல்லட்டும். இப்படிப் பூவையும் தூணையும் பார்த்து எங்களைக் கொல்ல வேணாம்.'

கண்ணைத் திறந்தால், பிரகாரத்திலும் பச்சைச் சட்டை. நடந்துகொண்டிருந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "மதினி, புடிக்கலைன்னா சொல்லிட்டுப் போங்க. எம்பிள்ளை மொகத்தை ஒரு தடவகூட நீங்க பார்க்கலையே!"

"நான் பார்க்க வரலை, மதினி." சுருளியம்மாளின் குரல் இறங்கியது. "எம்மகளை ஒன்பது வீட்டுக்காரக பார்த்தாக. ஒன்பது தடவையும் நடந்து, பாடி, படிச்சுக் காமிச்சா. பத்தாவதா ஆள் வருதுன்னதும் மாட்டுக் கொட்டத்துல போயி ஒளிஞ்சுக்கிட்டா. அன்னிக்கே சாமி முன்னால சொல்லிட்டேன், இன்னொருத்தி பெத்த பிள்ளைய நான் இப்படி நடக்கவிட்டுப் பார்க்க மாட்டேன்னு."

"அப்ப இங்க எதுக்கு வந்தீக?"

"ஏலே வீரணா, வந்து அத்தை கால்ல விழு."

பச்சைச் சட்டை ஓடிவந்து விழுந்தது. அன்னக்கொடி இரண்டடி பின்னால் போனாள்.

"எம்மகன்தான் மதினி. நடந்துட்டான், படிச்சுட்டான், பாடிட்டான். முன்னாலயே சொல்லியிருந்தா ஒங்க மக குனிஞ்ச தலை நிமிந்திருக்காது. இனி அது சொல்லட்டும். புடிக்கலைன்னா வந்த பஸ்சுலயே நாங்க போயிர்றோம்."

சந்திரவல்லி தலையை நிமிர்த்தினாள். வீரணனை நேராகப் பார்த்தாள். அவன்தான் தலையைக் குனிந்துகொண்டான்.

"நடை பரவால்லம்மா," என்றாள். "பாட்டை மட்டும் இன்னொருக்கா பாடிக் காட்டச் சொல்லு."