லோஜன் போட்ட வட்டம்

"கம்ப்யூட்டர்ல ஒரு வட்டம் போடுறது லேசுன்னு நெனைக்காதீங்கக்கா. இந்த வட்டத்தால எனக்கு நேத்து ராத்திரிச் சாப்பாடே போச்சு."

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்த வினோதா நிமிர்ந்தாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடத்தும் லோஜன், கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றான்.

"நான் ஒங்ககிட்ட வட்டமா கேட்டேன்? ஏழாம் நம்பர் மலையில உச்சிப் பக்கம் குளவிக்கூடு இருக்கு, அங்கிட்டுப் போயிறாதீங்கன்னு ராக்காயி அக்காவுக்கு ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னேன்."

"வரி யாரு வேணும்னாலும் எழுதலாம். படம்னா பார்த்த ஒடனே வெளங்கும்."

இந்த வாரம் கொழுந்து அதிகம். கைகொடுக்கப் பக்கத்து டிவிசன் பெண்கள் வருகிறார்கள். ராக்காயிதான் அவர்களுக்குத் தலைவி. ஏழாம் நம்பர் தேயிலை மலை அவர்களுக்குப் புதிது. கூட்டைக் கண்டவள் வினோதா. முன்பு ஒருமுறை குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவளும் அவள்தான். இன்னொருத்தி அப்படிக் கிடக்கக் கூடாது என்பதுதான் அவள் கவலை.

லோஜனின் கவலை வேறு.

"காசில்லாம கெடைக்கிற சாப்ட்வேர்க்கா. அதுல வட்டம்னு தனியா ஒண்ணு கெடையாது. மொதல்ல வட்டமா ஒரு எடத்தத் தெரிவு செய்யணும். இழுக்கும்போதே ஷிஃப்ட்ட அமுக்கிக்கிடணும், இல்லாட்டி முட்டையாப் போயிரும். அப்ப சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி புள்ளி ஓடும்."

"ஓடட்டும். அப்புறம்?"

"அது வட்டம்னு நெனச்சு பிரிண்ட் எடுத்தேன். வெறுந்தாள் வந்துச்சு. மறுபடி எடுத்தேன். மறுபடியும் வெறுந்தாள். அப்புறந்தான் தெரிஞ்சுச்சு, எறும்பு எல்ல காட்டத்தான் ஓடுது. அந்த எல்ல மேல கோடு போடுன்னு நாமதான் சொல்லணும்."

"பிள்ளைகளுக்கும் இப்பிடித்தான் சொல்லிக் குடுக்குறீங்களா?"

"பிள்ளைங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சுங்க."

வினோதாவுக்குச் சிரிப்பு வந்தது. கைபேசியை வாங்கிப் பார்த்தாள். மலைக்குப் பதிலாகப் பச்சையாக ஒரு பெட்டி. அதன் மேல் ஓரத்தில் ஒரு கோடு, கீழ் ஓரத்தில் ஒரு கோடு. கீழ்க்கோட்டை ஒட்டினாற்போல் கொழுத்த சிவப்பு வட்டம்.

"குளவின்னு ஒரு எழுத்தையும் காணோமே?"

லோஜன் தலையைச் சொறிந்தான்.

"எழுதினேன்க்கா. கண்ணாடித் தாள ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குன மாதிரிதான் அதுல படம் சேரும். எழுத்துத் தாள் பச்சத் தாளுக்கு அடியில போயிருச்சு."

"மேல எடுத்து வைக்கிறதுதானே?"

"அந்தப் பாடத்துக்கு நான் இன்னும் வரல."

வினோதா மறுபடியும் படத்தைப் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"தம்பி, கூடு மலை உச்சியிலதானே இருக்கு? நீங்க கீழ போட்டிருக்கீங்களே?"

"அது சரிதான்க்கா. வரைபடம்னா மேல வடக்கு இருக்கணும். நம்ம மலைக்கு அடிவாரந்தான் வடக்கு. அதனால உச்சி தாள்ல கீழ வரும்."

"இங்க எவ வடக்குப் பார்த்துக் கொழுந்து எடுக்குறா? மேலன்னா எங்களுக்கு உச்சி, கீழன்னா அடிவாரம்! இதப் பார்த்தா, குளவி அடிவாரத்துலன்னு நெனச்சு உச்சிக்கில்ல போவாங்க? ராக்காயி அக்காவுக்கு இத அனுப்பிட்டீங்களா?"

"ராத்திரியே அனுப்பிட்டேன்." லோஜனின் குரல் இறங்கியது. "இந்நேரம் மலையில ஏறியிருப்பாங்க."

ராக்காயிக்கு அழைத்தார்கள். அந்தப் பக்கம் சிக்னல் இல்லை. வினோதா கூடையைக் கழற்றி எறிந்தாள். இருவரும் குறுக்குப் பாதையில் உச்சியை நோக்கி ஓடினார்கள்.

உச்சியில் மூடுபனி. பக்கத்துச் செடிகூடத் தெரியவில்லை.

"ராக்காயி அக்கா! எறங்குங்க! குளவி!" லோஜன் தொண்டை கிழியக் கத்தினான்.

பதில் இல்லை. சத்தத்துக்கும் காலடி அதிர்வுக்கும் எழும்பியவை குளவிகள்தான். முதலாவது அவன் மூக்கில் இறங்கியது. இரண்டாவது காதில். வினோதா இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து இருவர் தலையிலும் போட்டு, அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். பாதித் தூரத்தை லோஜன் உட்கார்ந்த வாக்கிலேயே வந்து சேர்ந்தான்.

அடிவாரத்தில் பனி விலகியிருந்தது. பக்கத்து டிவிசன் பெண்கள் எல்லோரும் அங்கேதான், சிரித்துப் பேசியபடி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மேலும் ஒரு கொட்டு இல்லை.

லோஜனுக்கு உயிர் வந்தது. அதோடு பெருமையும் வந்தது.

"பார்த்தீங்களாக்கா! அவங்களுக்கு வடக்கு வெளங்கியிருக்கு!"

ராக்காயி ஓடி வந்தாள். "என்ன தம்பி, மூக்கு கத்தரிக்கா மாதிரி வீங்கியிருக்கு? படம் போட்ட நீங்களே படத்தப் பார்க்காம மேல போனீங்களா?"

"படம் ஒங்களுக்கு நல்லா வெளங்குச்சாக்கா?"

"வெளங்காம? எங்க டிவிசன்ல வேலைய மேற்பார்க்குற கண்டாக்கையா எந்த எடத்துல பறிக்கச் சொல்றாரோ, அதத்தான் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுவாரு. நீங்க கீழ போட்டிருந்தீங்க. காலையில இருந்து ஒருத்தியையும் அந்த வட்டத்த விட்டு வெளிய போக விடல, தம்பி!"