சொல்லிக் கொடுக்கக் கூடாது

வணக்கம் வந்துவிட்டது.

கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அப்போதுதான் மூச்சும் வந்தது.

காலைக் கூட்டத்தில், மைக் முன்னால் நிற்பவன் அவள் மகன். ஒன்பதாம் வகுப்பு இசக்கிராஜா. கையில் செய்தி எழுதிய தாள்.

"இன்றைய செய்திகள்" என்பதும் எப்படியோ வந்துவிட்டது.

"ம..."

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

மழைதான் அது. நேற்றுச் சாயங்காலம் அவள் அரிசி களையும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்த செய்தி. ஆனால் அந்த ம அவனைச் சும்மா விடாது என்று அவளுக்குத் தெரியும். பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவனிடம் வம்புக்கு நிற்கிற எழுத்து. அம்மா என்று கூப்பிட வந்தாலும் நடுவில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையைப் பாடாய்ப் படுத்தும்.

"ம... ம..."

இது மூன்றாவது பள்ளிக்கூடம்.

முதல் பள்ளியில் பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த பள்ளியில் வாத்தியாரே சிரித்தார். மதியச் சோற்றோடு அவள் போய் நிற்பாள். அவன் கேட்டுக்கு ஓடி வருவான். "வீ..." என்பான். "வீட்டுக்குப் போலாமாய்யா?" என்று அவளே முடித்துவிடுவாள். அவன் தலையை ஆட்டுவான்.

அந்த வாக்கியத்தை அவன் முடிக்க வேண்டி வந்ததே இல்லை.

இன்றைக்கும் சிரித்தார்களென்றால், இனி எந்தப் பள்ளிக்கூட வாசலையும் அவன் மிதிக்க மாட்டான். மாமனுடைய டயர் கடையில் இடம் தயாராக இருக்கிறது.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு பிடிவாதம். வரிசைப்படி எல்லாரும் ஒரு நாள் செய்தி வாசித்தே ஆக வேண்டும். போன வாரம் வந்து கெஞ்சிப் பார்த்தாள். என் பிள்ளையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றாள்.

"எல்லாரும்னா எல்லாருந்தாம்மா. உங்க பிள்ள மட்டும் என்ன, வேத்தாளா?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார் டீச்சர்.

கல்நெஞ்சக்காரி என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள்.

"ம... ம... ம..."

தாங்கவில்லை.

"மழைய்யா! மழை!"

சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

கேட்டை ஒட்டி நின்ற கடைசி வரிசையில் ஓர் ஆறாம் வகுப்புப் பெண் திரும்பினாள். ரெட்டைச் சடை. முன்பல் ஒன்று இல்லை. உதட்டில் விரலை வைத்தாள்.

"சொல்லிக் குடுக்கக் கூடாது அத்தே. அவுங்களே சொல்லுவாங்க."

சொல்லிவிட்டு மறுபடி முன்னால் பார்த்து நின்றுகொண்டாள். இதெல்லாமா ஒருத்தர் சொல்லித் தெரிய வேண்டும் என்பது மாதிரி.

அப்போதுதான் அவள் பிள்ளையை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்தாள்.

மைதானம் கொள்ளாத பிள்ளைகள். ஒரு முகத்தில் சிரிப்பு இல்லை. ஐயோ பாவம் என்கிற பார்வையும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் போல நின்றார்கள். வரும் என்று தெரிந்து நிற்கிறவர்கள்.

எந்நேரமும் விசிலை வாயிலிருந்து எடுக்காத விளையாட்டு வாத்தியார் அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தின் பக்கமே திரும்பவில்லை. அந்தக் கல்நெஞ்சக்கார டீச்சர் கண்ணை மூடியிருந்தார். அவர் உதடு மட்டும் ஒட்டியும் ஒட்டாமலும் அசைந்தது.

நேரம் தாண்டியும் மணி அடிக்கிறவர் சுத்தியலைத் தொங்கவிட்டபடி நின்றார்.

ஊருக்கே நேரம் சொல்கிற மணி அது. ஒரு தடவை கலெக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடித்து, அவர் பேச்சைப் பாதியில் நிறுத்திய மணி. எதிர் டீக்கடைக்காரர் வெளியே வந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சுவர்க் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

யாருக்கும் நிற்காத மணி, அவள் பிள்ளையின் ஒரு சொல்லுக்கு நிற்கிறது.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது. யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை. இத்தனை பேரில்.

"ம..."

"மழை."

"மழைக்கு வாய்ப்பு உள்ளதாக வானிலை மையம் தெரிவித்துள்ளது."

அவன் தாளை மடித்தான். வரிசைக்குப் போய் நின்றான்.

யாரும் கைதட்டவில்லை.

ஒரு நொடி அவளுக்குக் கோபம்கூட வந்தது. என் பிள்ளை எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறான்! பிறகு மெல்ல உறைத்தது. செய்தி வாசித்ததற்கு யாராவது கைதட்டுவார்களா?

எல்லாரும்னா எல்லாருந்தான்.

மணி அடித்தது. வரிசைகள் வகுப்புகளுக்கு நகர்ந்தன. அவன் அவளைப் பார்த்துவிட்டான். வரிசையிலிருந்து பிரிந்து கேட்டை நோக்கி வந்தான். விளையாட்டு வாத்தியார் பார்த்தும் பாராதது போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவன். முகமெல்லாம் வேர்வை.

"வீ..."

இந்தப் பள்ளிக்கூடத்திலும் அதே வீ.

"வீ... வீ..."

வாய் தன்னால் திறந்தது. போலாமாய்யா என்பது நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

பற்களைக் கடித்து வாயை மூடிக்கொண்டாள்.

அவள் போக வேண்டிய பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பஸ் கிளம்பிப் போனது. புழுதி அடங்கியது.

அவள் நின்றாள்.

"வீ... வீட்டுக்கு..."

இன்னும் நின்றாள்.

"வீட்டுக்கு நீ போம்மா."