கழுவினால் திறக்கும் கதவு

“சோப்புப் போட்டுக் கழுவிட்டன்! கதவைத் திறவுங்கோ!”

குளியலறைக்குள்ளிருந்து யோகராசாவின் முழக்கம் அந்த வெள்ளவத்தை மாடிவீட்டின் கூடம் வரை வந்து விழுந்தது. மின்விசிறி அசையாமல் தொங்க, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்த அவருடைய மனைவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“இன்னொருக்காக் கழுவுங்கோ அங்கிள்,” என்றாள் சுபோதினி, தேநீர்க் கோப்பைகளை அடுக்கியபடி. “நகத்துக்குள்ளயும் தேய்ச்சனீங்களோ?”

அந்தக் கதவின் பூட்டு அவள் படைப்பு. உள்ளே போனவர் சோப்புப் போட்டுக் கை கழுவினாலன்றித் திறவாத மின்பூட்டு. பேட்டன்ட் என்று எல்லோரும் சொல்லும் ஆக்கவுரிமையை அதற்குப் பெற்றிருந்தாள். தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபையைக் கொண்டுசெல்லும் வலையமைப்புக் கருவிக்கு இன்னொன்று; மின்னழுத்தம் எகிறும்போது குளிர்சாதனப் பெட்டியைக் காக்கும் மின்னணுக் கருவிக்கு மற்றொன்று. மூன்றிலும் அவள் பெயர்.

மகனுக்குப் பெண் பார்க்க வந்த யோகராசாவோ கொட்டாஞ்சேனையில் பூட்டு, தாழ்ப்பாள், கொண்டி விற்கும் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். சீதனம் என்ற சொல்லைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு, அதன் பொருளை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்த கனவான்!

“சல்லி, வீடு, நகை ஒண்டும் வேண்டாம். நாங்கள் முற்போக்கான ஆக்கள்,” என்று தொடங்கியிருந்தார். “அந்த மூண்டு பேட்டன்டையும் மகன் நிரோஜன்ர பேருக்கு மாத்தி எழுதினால் போதும். பொம்பிளைப் பிள்ளைக்கு உதெல்லாம் என்னத்துக்கு?”

ஒரு பெண் தன் அறிவால் ஈன்றதற்கு ஓர் ஆணின் பெயரைச் சூட்ட வேண்டுமாம். அதற்குப் பெயர் முற்போக்காம்!

சுபோதினியின் தந்தை பிஸ்கட் தட்டை யோகராசாவின் பக்கம் நகர்த்தினார். இவ்வளவு மூளையுள்ள பிள்ளை வீட்டுக்கு அடங்குமோ என்று கேட்டுச் சம்பந்தத்தை முறித்துக்கொண்டு போனவர்கள் பலர். “யோசிச்சுச் சொல்லுறம் அண்ணை,” என்ற அவர் குரலில் பாதிச் சம்மதம் ஏற்கெனவே கரைந்திருந்தது. மணமகன் நிரோஜனோ பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

“நான் பாத்ரூம் போட்டு வாறன். அதுக்குள்ள முடிவைச் சொல்லுங்கோ,” என்று எழுந்தார் யோகராசா.

“கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால்தான் கதவு திறக்கும் அண்ணை. மகள் பூட்டின சாமான். உங்கட கடையில வாங்கின பழைய கொண்டி வெளிப்பக்கத்தில சும்மா கிடக்குது,” என்று எச்சரித்தார் சுபோதினியின் தாய்.

“உந்த எலெக்ட்ரோனிக் விளையாட்டை நான் நம்புறேல்லை. எங்கட கடைக் கொண்டி மாதிரி வருமோ? அது ஒருநாளும் பிழை விடாது!”

“வாங்கோ அப்பா, நான் காட்டுறன்,” என்று முதன்முறையாகப் பேசினான் நிரோஜன். தந்தையை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பியவன், விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு மீண்டும் பிஸ்கட்டை எடுத்தான்.

அதன் பிறகு எழுந்ததுதான் இந்த முழக்கம்.

“கைத்தோல் உரியுது பிள்ளை! உன்ர மெஷின் பிழை!”

“மெஷின் பொய் சொல்லாது,” என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார் மனைவி. “வீட்டில ஒருநாளாவது சோப்பைத் தொட்டிருப்பீங்களோ? இண்டைக்குத்தான் பிடிபட்டிருக்கிறீங்கள்.”

கதவு அதிர்ந்தது. “வேற வழி இருக்கும்தானே? திறந்து விடு பிள்ளை!”

“இருக்கு அங்கிள். ஆனா, பேட்டன்ட் உங்கட மகன்ர பேருக்குப் போகப்போகுது. இனி நான் அதில கை வைக்கிறது முறையில்லை. அவரைக் கேளுங்கோ.”

“அவனுக்கு என்ன தெரியும்? ஒரு பல்ப் மாத்தத் தெரியாது அவனுக்கு!”

“அப்ப அவற்ற பேரில எழுதி என்ன செய்யிறது அங்கிள்?”

உள்ளே இன்னொருமுறை குழாயைத் திறந்து மூடும் ஓசை கேட்டது. பிறகு ஆணவம் முழுவதும் கழுவப்பட்ட குரல் ஒன்று வந்தது. “உன்ர சாமானை நீயே வைச்சிரு! மூண்டும் உன்ர பேரிலயே இருக்கட்டும்! எனக்கு வெளியில வந்தால் காணும்!”

“கேட்டனீங்கள்தானே அன்ரி?”

“வடிவாக் கேட்டனான்,” என்றார் அவர் மனைவி. “பிறகு கதை மாறினாரெண்டால், ஆளைத் திரும்ப உள்ளுக்க விடுவம்.”

“நிரோஜன், போய்க் கதவை ஒருக்காத் தள்ளிப் பாருங்கோ,” என்றாள் சுபோதினி.

அவன் உள்நடைக்குள் மறைந்த மறுகணமே கதவு திறந்தது. ஊறிச் சுருங்கிய கைகளை ஏந்தியபடி வெளியே வந்த யோகராசா, கதவின்மேல் பட்டுவிடாமல் ஒருக்களித்து நடந்தார். “கெட்டிக்காரச் சாமான்தான்,” என்ற முனகலையும் எல்லோரும் கேட்டார்கள்.

பெரியவர்கள் நாள் பார்க்கத் தொடங்க, இளையவர்கள் இருவரும் பல்கனிக்கு வந்தார்கள். உள்ளே மின்விசிறி அப்போதுதான் மெல்லச் சுழலத் தொடங்கியது.

சுபோதினி அதை ஒருமுறை பார்த்தாள்; பிறகு அவனைப் பார்த்தாள்.

“கரண்ட் நிண்டால் என்ர பூட்டு தன்பாட்டில திறந்திடும். காலமையில இருந்து கரண்ட் இல்லை. உங்கட அப்பா எப்பிடி உள்ளுக்க மாட்டினவர்?”

நிரோஜன் துருக்கறை படிந்த கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

“வெளிப்பக்கத்தால நான் போட்டது எங்கட கடைக் கொண்டி, அதுக்குக் கரண்ட் வேண்டாம்.”